பத்தொன்பதாயிரத்து எண்ணூறு வினாடி

காலை எட்டு மணிக்குத் துரைராஜ் சொன்ன "சரி"யைப் பத்தரை மணிக்கு எழிலின் லேப்டாப் பிடுங்கிக்கொண்டது.

அந்தச் சரிக்காக அவன் இரண்டு வருஷம் அலைந்திருந்தான். சேலையூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் துரைராஜ் தன் மகள் கீதாவை அவனுக்குத் தருவாரா என்பதுதான் கேள்வி. மனிதருக்குச் சந்திராஷ்டமம் என்றால், அதாவது ராசிக்கு எட்டாம் வீட்டில் சந்திரன் நிற்கிற அந்த இரண்டேகால் நாள், வாயே திறக்காது. ஆணி விலைகூடக் கை ஜாடைதான். தினசரி காலண்டரில் நட்சத்திரப் பெயர் இருக்கும், மணி இருக்காது. அவரைக் கவிழ்க்க, அந்த மணியைச் சொல்கிற ஓர் ஆப்பை எழில் எழுதி அவர் போனில் ஏற்றினான். இன்று காலை ஏழு பத்துக்கு அது "முடிந்தது" என்று மணியடித்தது. எட்டுக்கு அவர் பூவும் ஆப்பிளுமாகத் தாம்பரம் வந்து, எழிலின் அம்மாவிடம் "சரி, குடுத்துடலாம்மா" என்றார். எழில் அந்த நிமிஷமே "சார்" என்பதை விட்டு "மாமா"வுக்குத் தாவினான்.

ஆபீசில் வேலை ஓடவில்லை. அடுத்த மாதத் தேதிகளை ஏற்றலாமே என்று ஆப்பைத் திறந்தான். சும்மா இருந்திருக்கலாம்.

கம்ப்யூட்டருக்கு நாள் கிழமை தெரியாது. 1970 ஜனவரி ஒன்று, கிரீன்விச் நடுராத்திரியிலிருந்து வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நம்ம ஊர் மணி அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தி. அதைக் கழித்துத்தான் வினாடியாக்க வேண்டும். எழில் பொறுப்பாகக் கழித்திருந்தான். அடுத்த வரியில் போனும் தன் பங்குக்குக் கழித்திருந்தது. முட்டாள் கழிக்க மறப்பான்; எழில் மாதிரி அறிவாளி இரண்டு தடவை கழிப்பான்.

சந்திராஷ்டமம் நிஜமாக முடிவது பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு. காலைச் சரி அதற்குள் விழுந்த சரி.

"இன்னா மச்சான், பேய் அறைஞ்ச மாரி கீற?" என்றான் பக்கத்து சீட் லாசரஸ். எழில் சொன்னான்.

"இதுக்கா? பன்னெண்டு நாப்பது வரைக்கும் கம்முனு இரு. அப்பால போய் இன்னொரு தபா சரி வாங்கிக்க. நாங்கல்லாம் எந்த நேரமும் பாக்காமத்தான் கட்டினோம், நல்லாத்தான கீறோம்?"

"உன் பொண்டாட்டிகிட்ட கேட்டியா?"

லாசரஸ் மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

போன் அடித்தது. கீதா. "அப்பா கேம்ப் ரோடு மண்டபத்துல தேதி பிடிக்கக் கிளம்பிட்டாரு!"

அவளிடமும் சொன்னான்.

"ஒரு கழித்தல் கணக்கு. அதைக்கூட ஒழுங்கா... சரி, போய் நீயே சொல்லிடு. பின்னாடி தெரிஞ்சா, எனக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட இந்தக் காலையத்தான் குத்தம் சொல்லிக்கினு இருப்பாரு."

எழில் ஸ்கூட்டரை உதைத்தான். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஆக்சிலேட்டரை முறுக்கினான். முன்னால் நின்ற பஸ்ஸுக்கு அது உறைக்கவில்லை. வழியெல்லாம் ஒத்திகை. "மாமா, சின்ன பிரச்சனை." இல்லை, மாமா என்று கூப்பிட இப்போது உரிமை உண்டா? "சார், ஒரு விஷயம்."

மண்டப ஆபீசில் துரைராஜ் மேனேஜரிடம் தேதி சொல்ல வாயெடுத்தார்.

"மா... சார்!"

"இன்னாய்யா அது மாசார்?"

ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். துரைராஜின் வாய், கடை ஷட்டர் இறங்குகிற மாதிரி மூடிக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்தார். எழில் எதிரில் உட்கார்ந்தான், எழுந்தான், ஃபேனைக் கூட்டினான், குறைத்தான், உட்கார்ந்தான். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திட்டினாலாவது பரவாயில்லை.

பன்னிரண்டு நாற்பது. "முடிஞ்சிடுச்சிங்க."

துரைராஜ் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வலது கையில் ஐந்து விரலை விரித்தார். இடது கையில் ஒரு விரலைப் பாதி மடக்கி நீட்டினார்.

எழிலுக்குப் புரிந்தது. அவனுடைய மணியை இனி அவர் நம்பத் தயாரில்லை. "இன்னும் அஞ்சரை மணி நேரமா? சாயங்காலம் ஆறு பத்து வரைக்குமா?"

தலையாட்டினார்.

அன்று மண்டபத்தில் யாருக்கோ வளைகாப்பு. மேனேஜர் சாப்பிடக் கூப்பிட்டார். துரைராஜ் பரிமாறுகிறவரிடம் இரண்டு விரலைக் காட்டி, பக்கத்து இலையைத் தட்டினார். எழில் உட்கார்ந்தான். சோற்றை இலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். துரைராஜ் தன் இலை வடையை எடுத்து, அவனைப் பார்க்காமலே, அவன் இலையில் வைத்தார்.

கீதாவிடமிருந்து மெசேஜ்: "என்ன சொன்னாரு?"

இடது கையால் தட்டினான்: "இன்னும் ஒண்ணும் சொல்லல. வடை வெச்சிருக்காரு."