பொதுக் கிணறும் பொது ஸ்பீக்கரும்

குப்புராஜ், நவநீதன் என்ற அண்ணன் தம்பிக்குப் பொதுவான கிணற்றில், அவர்கள் வீட்டு ஸ்பீக்கரில் பாட்டு ஓடினால் தண்ணீர் ஏறும், பாட்டு நின்றால் இறங்கும். பாலக்கோட்டுக்கு மேற்கே ஆறு கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊரில் இது 2021 பங்குனி மாதம் ஆரம்பித்தது. காரணம், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருந்த ஒரே ஒரு வரி. அப்பா மாது இறந்த மறு வருஷம் சொத்தைப் பிரித்தார்கள். வழக்கப்படி அண்ணன் பங்கு வைத்தான், தம்பி முதலில் எடுத்துக்கொண்டான். நிலமும் மாடும் தென்னையும் ஒரு முணுமுணுப்பில்லாமல் பிரிந்தன. அப்பா 1986-இல் பெங்களூரிலிருந்து லாரியில் ஏற்றி வந்த பாட்டு செட்டில்தான் வம்பு வந்தது. ஆம்ப்ளிஃபையர் அண்ணனுக்கு, ரெக்கார்டு பிளேயர் தம்பிக்கு என்று பிரித்தார்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று வாயைத் திறக்காது என்பதைப் பங்காளிகளின் கோபத்தில் யாரும் யோசிக்கவில்லை. இடுப்பு உயர ஸ்பீக்கர்கள் இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் அவற்றைக் கிணற்றோடு சேர்த்துவிட்டார்கள். “கிணறு ஒன்றும் ஸ்பீக்கர் இரண்டும் இருவருக்கும் பொது, ஆளுக்கு நான்கு நாள் முறை” என்று பத்திரம் எழுதுபவர் ஒரே வரியில் முடித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, தாளில் இடம் அவ்வளவுதான் இருந்தது.

பத்திரத்தில் முத்திரை விழுந்த நாளிலிருந்து கிணறு அந்த வரிக்குக் கட்டுப்பட்டது. சினிமாப் பாட்டுக்கு வேகமாகவும் நாதஸ்வரத்துக்கு நிதானமாகவும் தண்ணீர் ஏறியது. ரேடியோவை மாட்டி வேளாண் செய்திகள் வைத்தால் ஒரு சொட்டுகூட ஏறவில்லை. தம்பி எங்கோ தேடி ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர் வாங்கினான், அண்ணன் ஒரு கேசட் டெக் வாங்கினான். நான்கு நாளுக்கு ஒருமுறை, முறை மாறும் காலையில், பொதுக் கூடத்தில் இருந்த ஸ்பீக்கர்களிலிருந்து ஒருவன் ஒயரைப் பிடுங்குவான், மற்றவன் தன் ஒயரைச் செருகுவான். அந்தச் சமயத்தில்கூட இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மூன்று வருஷம் பேச்சு கிடையாது. ஆனாலும் தக்காளி நன்றாகவே விளைந்தது.

2024 சித்திரையில் வெயில் கொளுத்தியது. சுற்றுவட்டாரத்தில் போர்வெல்கள் எல்லாம் காற்றைக் கக்கின. இவர்கள் கிணறு மட்டும் பாட்டின் தயவில் ஓடியது. ஆனால் பூவும் பிஞ்சுமாக நின்ற தக்காளிக்கு அந்த வெயிலில் நான்கு நாள் தண்ணீர் இல்லாமல் இருக்க முடியாது. தம்பி முறையின் மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, தம்பியின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, குப்புராஜ் தன் ஆம்ப்ளிஃபையரின் ஒயரையும் அதே ஸ்பீக்கரில் கொண்டுபோய் முறுக்கினான். இரண்டு மோட்டாரை ஒரே குழாயில் மாட்டினால் தண்ணீர் இரட்டிப்பாக வரும் என்ற விவசாயி கணக்கு அது. ஸ்பீக்கருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஒரு ஆம்ப்ளிஃபையரின் கரண்ட் இன்னொன்றுக்குள் பாய்ந்து இரண்டும் புகைந்தன. கிணற்றில் சேறு தெரிந்தது.

நவநீதன் அன்றைக்கே சொல்லிவிட்டான். “இந்த வெள்ளாம போச்சுன்னா நான் ஓசூர் கம்பெனிக்குப் போறேன் நிர்மலா. இந்த வூட்டுல இனி என்னால முடியாது.” அவன் மனைவி நிர்மலா டிப்ளமோவில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் ஓசூரில் போர்டு சால்டர் செய்தவள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டும், எட்டுப் பேர் படுக்கும் அறையும் அவளுக்குத் தெரியும். அங்கே போன ஆண்கள் முதலில் வாரம் ஒருமுறை வருவார்கள், பிறகு பொங்கலுக்கு வருவார்கள். புருஷனை அந்த ஊருக்குக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. “செடி இன்னும் மூணு நாளு தாங்குங்க. எனக்கு ரெண்டு நாளு போதும்” என்றாள்.

இரண்டு நாளில் கருகிய டிரான்சிஸ்டர்களை மாற்றி இரண்டு ஆம்ப்ளிஃபையர்களையும் உயிர்ப்பித்தாள். இடது ஸ்பீக்கரை அண்ணனுடையதிலும் வலது ஸ்பீக்கரைத் தம்பியுடையதிலும் மாட்டினாள். ஒரே ரெக்கார்டு பிளேயரிலிருந்து இரண்டுக்கும் ஒயர் இழுத்தாள். ஒருத்தர் கரண்ட் இன்னொருத்தர் பக்கம் போகாது, பாட்டு ஒன்று, முறை என்பதே இனி வேண்டாம். மூத்தார் குப்புராஜின் மனைவி தீர்த்தம்மாள் வழியாகச் சொல்லியனுப்பி அண்ணனையும் சம்மதிக்க வைத்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வால்யூம் குமிழ் தவிர. குப்புராஜ் தன் குமிழைக் கொஞ்சம் கூட்டினான். அதைப் பார்த்து நவநீதன் தன்னுடையதைக் கூட்டினான். மதியத்துக்குள் கூரை ஓடு அதிர்ந்தது, கிணற்றுத் தண்ணீர் சாய்ந்து நின்றது. அண்ணன் மோட்டார் இருந்த கிழக்குக் கரையில் படிக்கட்டு முழுகிவிட்டது, தம்பியின் மேற்குப் பக்கத்தில் பாறை காய்ந்து கிடந்தது. அவன் குமிழ் அதற்கு மேல் திரும்பவில்லை. ஊரார் வந்து பார்த்தார்கள். தண்ணீர் சாய்ந்திருப்பதைவிட, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இப்படி அடித்துக்கொள்வதுதான் அசிங்கம் என்று சொல்லிப் போனார்கள். நவநீதன் துணிப்பையைக் கட்டினான். மறுநாள் காலை ஏழு மணி பஸ்.

நிர்மலாவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வேலையைப் பார்த்தாள். இரண்டு ஆம்ப்ளிஃபையரின் குமிழ்களையும் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். குமிழ் இருந்த தண்டுகளில் ஆளுக்கொரு சின்ன மோட்டாரைப் பொருத்தினாள். பழுதான டிவியின் ரிமோட் ஒன்று பரண்மேல் கிடந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் இரண்டு தண்டும் ஒரே அளவு திரும்பும்படி அதைப் பழக்கினாள். காலையில் நவநீதன் பையோடு கிளம்பிப் போன பிறகு, கிணற்று மேட்டில் நின்ற குப்புராஜின் கையில் ரிமோட்டைக் கொடுத்தாள்.

“கூட்டுங்க மாமா. உங்களுக்கு எவ்ளோ வேணுமோ கூட்டிக்குங்க.”

அவன் சந்தேகத்தோடு அழுத்தினான். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து எழுந்தன. தம்பியுடையதைக் குறைக்கலாம் என்று அழுத்தினான், தன்னுடையதும் குறைந்தது. பட்டன் பட்டனாகப் பார்த்தான். தம்பிக்கு ஏற்றாமல் தனக்கு மட்டும் ஏற்றிக்கொள்ள அதில் வழியே இல்லை. கடைசியில் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தான். கிழக்கே இறங்கி மேற்கே ஏறி, தண்ணீர் மட்டமாகி, அப்படியே மேலே வந்து கரையின் விளிம்பில் நின்றது. இரண்டு பக்க மோட்டாருக்கும் ஒரே அளவு. குப்புராஜுக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தான். ராயக்கோட்டை வழி ஓசூர் பஸ் அப்போதுதான் நகர்ந்தது. அதன் குறுக்கே வண்டியை நிறுத்தினான். கண்டக்டர் திட்டியது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. மூன்று வருஷத்தில் தம்பியிடம் அவன் பேசிய முதல் பேச்சு இது.

“டேய் நவநீதா, எறங்குடா. தண்ணி மட்டமா நிக்குது. நான் மோட்டாரப் போட்டா உன் செடிய யாருடா பாப்பா?”

நவநீதன் ஜன்னல் கம்பியை விடாமலே எட்டிப் பார்த்தான். “நீ ஒயர முறுக்காம இருந்திருக்கலாம்ல?” என்றான். “தப்புதான்டா, எறங்கு” என்றான் அண்ணன். அவன் இறங்கினான். வழியெல்லாம் எந்த ரெக்கார்டைப் போடுவது என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

அந்த வருஷம் தக்காளி மண்டிக்கு இரண்டு வயல் கூடையும் ஒரே வண்டியில் போனது. நிலத்தடி நீர் அளக்க வருகிற அலுவலர் இப்போதெல்லாம் டேப்பை இறக்குவதற்கு முன், வால்யூம் எத்தனையில் இருக்கிறது என்று கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்கிறார். குமிழ்களை நிர்மலா திருப்பித் தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அண்டை நிலத்து முருகன் தன் கடலை வாடும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “அண்ணி, எனக்கு ஒரு மூணு பாட்டுத் தண்ணி வுடுங்க” என்று கேட்பான். அவள் பட்டனை அழுத்துவாள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் போய் மடையை அடைத்துவிட்டு வருவது நவநீதனின் வேலை.