இடிக்காமல் கட்டிய படகு

துறைமுகச் சுவரில் படகை இடித்துவிடுவது என்று வழியெல்லாம் தீர்மானமாக இருந்தேன். துறைமுகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கால்வாய் ஓரத்தில் பன்னிரண்டு படகு நிற்கிற ஒரு கல் தொட்டி, நுழைய ஒடுக்கமான ஒரு வாசல், ஒரு டீசல் பம்ப், அவ்வளவுதான். அங்கே ஒரு பல் டாக்டர் எங்கள் படகை வாங்கக் காத்திருந்தார்.

விற்பது என் வீட்டுக்காரர் முடிவு. தோளில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரால் சுக்கானைப் பிடிக்க முடியவில்லை. "இனி யாரு ஓட்டப் போறா?" என்று ஒரே புலம்பல். இருபது வருடமாக அவர் சாப்பிடப் போகும்போதெல்லாம் சுக்கான் என் கையில்தான். கரையில் கட்டும் நேரம் வந்தால் மட்டும் பிடுங்கிக்கொள்வார். நான் ஒருத்தி இருப்பதே மனிதருக்கு நினைவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உடம்பு முடியாதவரோடு சண்டை போட்டாள் என்ற பெயர் எனக்கு எதற்கு? அதனால்தான் இந்தச் சதி. சுவரில் நங்கென்று ஒரு இடி, அடங்காத படகு என்று டாக்டர் ஓடிவிடுவார்.

வாசலில் காற்று பக்கவாட்டில் தள்ளியது. கரையில் நாலைந்து பேர் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஒருவர் உதவி செய்கிறேன் என்று முன்கயிற்றை இழுக்கக் கை நீட்டினார். முன்பக்கத்தை இழுத்தால் பின்பக்கம் விலகிப்போய் அடுத்த படகில் மோதும்.

"கயித்தைத் தொடாதீங்கண்ணே, தானா வரும்!" என்று கத்தினேன்.

அங்கேதான் என் திட்டம் கெட்டது. அத்தனை பேர் முன்னால் தப்பாக ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் திருப்பி, எஞ்சினை ஒரு நொடி பின்னோக்கிப் போட்டேன். சுவரில் தொங்கிய டயர்மேல் படகு சாய்ந்து நின்றது; கரையிலிருந்தவர்கள் கயிற்றைக் கட்டினார்கள்.

டாக்டருக்கு வாயெல்லாம் பல். "என்ன சாதுவான படகு சார்! சின்னப்புள்ளகூட ஓட்டலாம் போல. நான் எடுத்துக்கறேன்."

போச்சு. என் வீறாப்பே என் படகை விற்றுவிட்டது.

படகில் என் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். "சாதுவா? இதே சுவத்துல நான் மூணு தடவை இடிச்சிருக்கேன் சார். இது படகோட குணம் இல்ல. ஓட்டினவளோட கை."

"அதனால?"

"அதனால விக்கல. உங்களை வீணா அலையவிட்டுட்டேன், மன்னிச்சிடுங்க."

டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே போனார். வீட்டுக்காரர் படகின் முன்பக்கம் போய் நல்ல கையைக் கயிற்றில் வைத்தார். இருபது வருடமாக எனக்கு உத்தரவு போட்ட மனிதர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவுக்கவா?"

"இருங்க," என்றேன். "நான் சொல்றப்போ."