ரீடிங் சாரின் ஆயில் நோட்டு

பள்ளிக்கூடத்தில் எனக்கு 'ரீடிங் சார்' என்று பெயர். வேதியியல் லேபில் யார் நோட்டை நீட்டினாலும் மூன்று கேள்வி கேட்பேன். "ரீடிங் எங்கே? எப்ப எடுத்தே? யாரு பார்த்தா?" எடுக்காத ரீடிங்கை உட்கார்ந்த இடத்தில் எழுதிக்கொண்டு வருகிறவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். இருபத்திரண்டு வருடமாக இதில் எனக்கு ஏக கர்வம். அந்தக் கர்வம் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மனைவி ஜன்னல் திரைகள் தைத்து, வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுப்பவள். கம்பிகளையும் ஏணியையும் ஏற்றிக்கொண்டு போக ஒரு டீசல் வேன் வாங்கினாள். வாங்கியது அவள், தவணை கட்டுவது அவள், ஓட்டுவது அவள். வேனைப் பற்றிப் பேசுவது மட்டும் நான்.

பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் டீலரிடம் முதல் ஆயில் மாற்றினோம். ஆயிலுக்கு ஒரு தொகை, ஃபில்டருக்கு ஒரு தொகை, பழசை இறக்கிப் புதுசை ஊற்றியதற்கு ஒரு தொகை. கடைசியில் 'இதரப் பொருட்கள்' என்று தனியாக ஒன்று. அது என்ன என்று கேட்டேன். துடைத்த துணி, கிரீஸ் என்றார்கள். துணிக்கு அவ்வளவு விலையா? அந்தக் காசுக்கு என் மனைவி ஒரு ஹாலுக்கே திரை தைத்துக் கொடுத்துவிடுவாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"ஆயில்ங்கிறது வெறும் ஹைட்ரோகார்பன். அதுக்குப் போய் தங்கம் விலை சொல்றீங்க. நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். எனக்கே காது குத்துறீங்களா?" என்று கவுன்ட்டரில் சத்தம் போட்டேன். காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பவள் மாதிரி நின்றாள்.

அன்றோடு டீலருக்கு ஒரு கும்பிடு போட்டேன். அடுத்த ஐந்து ஆயில் மாற்றமும் என் திருக்கரங்களால்தான். உதிரிபாகக் கடையில் ட்ரம்மிலிருந்து பிடித்துக் கொடுக்கும் ஆயிலை கேனில் வாங்கி வருவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வேனுக்கு அடியில் புகுந்தால், மத்தியானம்தான் வெளியே வருவேன். உள்ளே படுத்துக்கொண்டு விசிலடிப்பேன். என் மனைவி டீயைத் தரையில் வைத்துவிட்டு, "பார்த்துங்க, கண்ணுல ஊத்திக்காதீங்க" என்பாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். சொந்தபந்தம் ஒருவர் விடாமல் போன் போட்டு, டீலர்களின் கொள்ளை பற்றிப் பாடம் எடுத்தேன். என் மச்சான் இப்போதெல்லாம் என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை.

அறுபத்து மூவாயிரம் கிலோமீட்டரில் வேன் ஒரு மேட்டில் மூச்சு வாங்கி, புகை கக்கி நின்றது. டீலரின் ஆட்கள் இழுத்துக்கொண்டு போய், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டது என்று போனில் சொன்னார்கள். என் மனைவிக்கு அப்போதுதான் வாழ்க்கையிலேயே பெரிய ஆர்டர் வந்திருந்தது. புதிதாகத் திறக்கப்போகும் ஒரு ஹோட்டல், நாற்பத்தெட்டு ஜன்னல்கள். இருபது நாளில் மாட்டி முடிக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். கூடுதலாக இரண்டு தையல்காரிகளை வேறு அமர்த்தியிருந்தாள். கையிலிருந்த பணமெல்லாம் துணியாக மாறி ஹாலில் மலை மாதிரி கிடந்தது. வாரண்டி கை கொடுக்காவிட்டால் டர்போ வாங்க வழியில்லை.

"வாரண்டி இருக்கு, கவலைப்படாதீங்க. நாளைக்கு மத்தியானம் நானே போய்ப் பேசிக்கிறேன். நீங்க ஸ்கூலுக்குப் போங்க" என்றாள்.

பாவம், விவரம் தெரியாமல் பேசுகிறாளே என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் வாரண்டிப் புத்தகத்தை முதல் முறையாகத் திறந்தேன். ஆயிலை எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமாம். ஆனால் கம்பெனி குறிப்பிட்ட தரத்திலான ஆயில்தான் ஊற்றியிருக்க வேண்டும், அதற்குப் பில் வேண்டும், தேதியும் ஓடிய கிலோமீட்டரும் எழுதியிருக்க வேண்டும். ரீடிங் எங்கே, எப்ப எடுத்தே, யாரு பார்த்தா. என் கேள்விகளையே அச்சடித்து என்னிடம் நீட்டியது போல இருந்தது. ட்ரம் ஆயிலுக்குப் பில் கிடையாது. தேதிகள் காலண்டரில் இருந்தன. கிலோமீட்டரை ஒரு தடவைகூட நான் குறித்து வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் ரீடிங் கேட்டவன் ஐந்து தடவையும் ரீடிங் எடுக்கவில்லை.

அப்புறம் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு பழைய நோட்டை எடுத்து, 'வேன் ஆயில் விவரம்' என்று தலைப்புப் போட்டு, ஐந்து ஆயில் மாற்றத்தையும் உட்கார்ந்த இடத்தில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேனா. பொய் ரீடிங் எப்போதும் முழு எண்ணாக இருக்கும் என்பது என் அனுபவம். அதனால் 30,140 என்றும் 39,865 என்றும் கரடுமுரடாகப் போட்டேன். ஓரத்தில் டீ டம்ளரை வைத்து ஒரு வட்டம், மேலே கட்டை விரலால் ஆயில் கறை. எந்த மாணவனும் என்னிடம் இவ்வளவு நேர்த்தியான மோசடியைக் கொண்டுவந்ததில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, என் மனைவி போவதற்குள் டீலரிடம் போய் நின்றேன். கவுன்ட்டரில் காதில் பேனா செருகிய ஒரு அம்மாள், சர்வீஸ் அட்வைசர். வண்டி நம்பரைச் சொல்லி, நோட்டைப் பவ்யமாக நீட்டினேன்.

"வெளியதான் ஆயில் மாத்தினோம். எல்லாம் முறையா எழுதி வச்சிருக்கேன்."

அவர் நோட்டையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், நீங்க ஞாயித்துக்கிழமை 30,140னு எழுதியிருக்கீங்க. மறுநாள் திங்கக்கிழமை எங்ககிட்ட வந்தப்ப 29,310. ஒரே நாள்ல வண்டி எண்ணூறு கிலோமீட்டர் பின்னாடி ஓடியிருக்கே?"

"திங்கக்கிழமை இங்க வந்துச்சா? ஏன்?"

"ஆயில் மாத்தத்தான். அஞ்சு தடவையும் மேடம் கொண்டுவந்தாங்க. பில் எல்லாம் இருக்கு." அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஓ, நீங்கதான் அந்த சாரா?"

முதல் தடவை நான் மாற்றிய மறுநாளே ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. இந்த டீசல் எஞ்சினில் புகையை வடிகட்ட ஒரு ஃபில்டர் உண்டு, ட்ரம் ஆயில் அதை அடைத்துவிடும் என்று இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவள் மொத்தத்தையும் இறக்கிவிட்டுச் சரியான ஆயிலை ஊற்றச் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் நான் மாற்றும் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு திங்கள். நான் ஸ்கூலுக்குக் கிளம்பியதும் அவள் இங்கே வந்து, இரண்டு மணி நேரம் திரைக்கு ஓரம் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம்.

"நான்கூடக் கேட்டேன் சார். புத்தம் புது ஆயில இறக்கிக் கொட்றோமே, வீட்ல சொல்லிடக் கூடாதான்னு. அதுக்கு மேடம், 'வாரம் பூரா அடுத்தவங்க பிள்ளைங்களோட மல்லுக்கட்டறாரு. வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு விசிலடிக்கிறாரு. அந்த விசிலுக்கு இந்த பில் கட்டலாம்'னாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இந்த நோட்டையும் க்ளெய்மோட சேர்க்கணுமா சார்? கம்பெனி ஆளு பார்த்தா ரெண்டு கணக்கு ஏன்னு கேப்பாரு. இழுத்தடிக்கும்."

"சேர்க்காதீங்க" என்றேன். "இது பொய். ரீடிங் எதையும் நான் எடுக்கல." இருபத்திரண்டு வருடத்தில் எந்த மாணவனும் என்னிடம் இப்படி ஒத்துக்கொண்டதில்லை. எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. "நான் வந்தேன்னு என் மனைவிகிட்ட சொல்லிடாதீங்க."

"அவங்களும் உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னு இதேதான் சொல்லியிருக்காங்க" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "வாரண்டியிலயே மாத்திக் குடுக்கிறாங்களாம். ஒரு வாரத்துல வண்டி வந்துடும்" என்றாள். தையல் மெஷினில் நூலைக் கோத்தபடி, என்னைப் பார்க்காமல், "நேரத்துக்கு ஆயில் மாத்தினதாலதான் தப்பிச்சுதுன்னு அங்க சொன்னாங்க. எல்லாம் நீங்க பார்த்துக்கிட்டதுதான்" என்றாள்.

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இனிமே என்னால முடியாதும்மா. முதுகு பிடிச்சுக்குது. டாக்டர் குனியவே கூடாதுங்கிறார். போனாப் போகுது, டீலர்கிட்டயே விட்டுடு" என்றேன்.

"அடடா, அந்தக் கொள்ளைக்காரங்ககிட்டயா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். நடிப்பில் என் நோட்டெல்லாம் அவள் கிட்டவே வர முடியாது.

"ஞாயித்துக்கிழமை சும்மா இருக்கணுமே. ஹோட்டலுக்கு நானும் வரட்டா? ஏணி பிடிக்கிறேன்."

மெஷின் நின்றது. இத்தனை வருடத்தில் நான் அவள் வேலைக்கு ஒரு நாள்கூடப் போனதில்லை. அது அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவேயில்லை. "முதுகு வலிக்காதா?" என்று கேட்டாள். "ஏணி பிடிக்கக் குனிய வேண்டாமே" என்றேன்.

வேன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலின் மூன்றாவது மாடியில், ஏணி பிடித்ததோடு நிற்காமல் ஒரு ஜன்னலுக்குக் கம்பியை நானே மாட்டுகிறேன் என்று அடம்பிடித்து ஏறினேன். அளவெடுத்தேன், துளை போட்டேன், விசிலடித்துக்கொண்டே திருகினேன். இறங்கி நின்று பார்த்தேன். பிரமாதம் என்று தோன்றியது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. வேன்ல வளையம் இருக்கிற டப்பா இருக்கு, எடுத்துட்டு வர்றீங்களா?" என்றாள்.

டப்பாவோடு படியேறி வந்தவன் அறை வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். அவள் ஏணி மேல் இருந்தாள். நான் மாட்டிய கம்பியைக் கழற்றி, வாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு, ஒரு விரல்கடை மேலே தள்ளிச் சத்தமில்லாமல் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது.

நான் பூனை மாதிரி ஒரு மாடி இறங்கினேன். அங்கே நின்று மனதுக்குள் நூறு வரை எண்ணினேன். பிறகு, அவளுக்கு நன்றாகக் கேட்கும்படி, சத்தமாக விசிலடித்துக்கொண்டே படியேறினேன்.