ஆயிரம் மீட்டருக்குக் கீழே

பூர்கி பிளாட்னர் அன்று காலை வண்டியை இரண்டு முறை கழுவினாள். ஏறப் போகிறவன் வின்சென்ஸ். பள்ளத்தாக்குப் பேருந்தை முப்பத்தொரு வருஷம் ஓட்டியவன். கண்ணாடியில் ஒரு விரல் தடம் இருந்தாலும் கண்டுபிடித்துக் குத்திக் காட்டாமல் விடமாட்டான். வாளியைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, விரல் தடம் இருந்தாலும் இப்போது அவனுக்குத் தெரியாது.

வின்சென்ஸ் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஒன்பது வருஷமாக அவளை "நீங்க" என்று கூப்பிடுகிறான்.

ஆஸ்திரியாவில் எங்கள் டிரோல் மலைக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பாதிரியாரையே "நீ, வா, போ" என்று பேசுகிற ஊர்கள் இங்கே உண்டு. "நீங்க" என்பது வரி அலுவலகத்துக்கும் வியன்னாவிலிருந்து வந்த பல் டாக்டருக்கும் ஜென்மப் பகையாளிக்கும் ஒதுக்கி வைத்த வார்த்தை. ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்து வளர்ந்தவளை, புருஷன் வீட்டுப் பெயரைச் சேர்த்து "சொல்லுங்க பிளாட்னர் மேடம்" என்பதற்குப் பதிலாக அவன் அறைந்திருக்கலாம். அறை வாங்கியிருந்தால் ஒரு வாரம் அழுதுவிட்டு மறந்திருப்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு காலை, நாற்பது பள்ளிக் குழந்தைகளோடு ஆல்ப்பாக் மலைச் சாலையில் ஏறும்போது, வளைவில் நின்றிருந்த டிராக்டரை அவன் கடைசி நொடியில்தான் பார்த்தான். பூர்கி முன் இருக்கையில் இருந்தாள். கண் டாக்டரைப் பார் என்று மூன்று முறை சொன்னாள். அவன் மூன்று முறையும் சிரித்தான். நான்காவது முறை அவள் அவனிடம் சொல்லவில்லை, போக்குவரத்து அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். பரிசோதனை வந்தது, உரிமம் போனது. அடுத்த ஞாயிறு தேவாலய வாசலில், ஊரே பார்க்க, அவன் தொப்பியைத் தூக்கி "வணக்கம் பிளாட்னர் மேடம், எப்படி இருக்கீங்க?" என்றான்.

பூர்கி தனிப் பயண வண்டி ஓட்டுகிறாள். ஹால் நகரத்தில் எர்வின் என்பவன் நடத்தும் சின்ன நிறுவனம். வருகிறவர்களை ஒரு நாள் முழுக்க மூன்று நான்கு மலையூர்களுக்குக் கூட்டிப்போய்க் காட்டி, சாயங்காலம் கொண்டுவந்து விடுவது அவள் வேலை. மூன்று வாரம் முன்பு எர்வின் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னான். உங்க அண்ணன் ஒரு நாள் பயணம் கேட்கிறார், கண் போய்க்கொண்டிருக்கிறதாம், இந்தக் குளிர்காலம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், அதற்குள் தன் பழைய வழியை ஒரு தரம் பார்த்துவிட வேண்டுமாம், வேறு ஓட்டுநரை அனுப்பட்டுமா என்றான். வேறு எவனாவது போனால் உன் வண்டிச் சாவியை ஊரோரம் ஓடும் இன் ஆற்றில் எறிந்துவிடுவேன் என்று பூர்கி சொன்னாள்.

அவன் கேட்ட ஊர்களின் பட்டியலைப் பார்த்தபோது அவளுக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பெர்ட்டிசாவ், ஏரிக்கரை ஊர், கடல் மட்டத்திலிருந்து தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு மீட்டர் உயரம். ராட்டன்பெர்க், கண்ணாடிப் பாத்திரம் ஊதுகிறவர்களின் ஊர், ஐநூற்று இருபத்தொன்று. ஆல்ப்பாக், தொள்ளாயிரத்து எழுபத்தைந்து. எல்லாம் ஆயிரத்துக்குக் கீழே.

ஆயிரம் மீட்டருக்கு மேலே "நீங்க" கிடையாது என்பது எங்கள் வழக்கம். யார் வைத்தது, எப்போது வைத்தது என்று எவனுக்கும் தெரியாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் மந்திரியும் மாடு மேய்ப்பவனும் அந்த உயரம் தாண்டினால் ஒருவருக்கொருவர் "நீ"தான். அங்கே போய் "நீங்க" என்பவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். வின்சென்ஸ் எதற்கு வேண்டுமானாலும் துணிவான், மலையில் நாலு பேர் சிரிக்கும்படி நடக்கமாட்டான். ஆல்ப்பாக்கிலிருந்து நான்கு கிலோமீட்டர் மேலே உள் ஆல்ப்பாக் இருக்கிறது. ஆயிரத்து ஐம்பது மீட்டர், ஒரு விடுதி, நல்ல சூப். பட்டியலில் இல்லாத அந்த நான்கு கிலோமீட்டரை ஓட்டியே தீர்வது என்று பூர்கி முடிவு செய்தாள். பனி விழுந்தால் அவள் முகம் அவனுக்கு இருக்காது. அதற்குமுன் அண்ணன் அவளுக்கு வேண்டும்.

காலை எட்டு மணிக்கு அவன் வாசலில் நின்று "காலை வணக்கம்" என்றாள். குரலைக் கேட்டதும் அவன் அசையாமல் நின்றான்.

"எர்வின் யாரோ ஒரு பையன் வருவான்னு சொன்னாரு."

"பையனுக்கு இன்னிக்கு லீவு. ஏறு, வின்சி."

ஏறமாட்டான் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஒன்பது வருஷம் காத்திருக்கக் கூடியவனுக்கு ஒரு குளிர்காலத்தைக் காத்திருக்க வைக்க முடியவில்லை போலும். பின்சீட்டில் வலது ஓரமாக ஏறி உட்கார்ந்து, "மெதுவா ஓட்டுங்க மேடம்" என்றான்.

பெர்ட்டிசாவில் ஏரி அன்று கரும்பச்சையாகக் கிடந்தது. தண்ணீர் நிறத்தைப் பார் என்று அவள் அவன் பக்கம் திரும்பிச் சொன்னாள். அவன் முகத்தை வெடுக்கென்று படகுத் துறைப் பக்கம் திருப்பிக்கொண்டான். ராட்டன்பெர்க்கில் ஒரு கடையில் நீலக் கிண்ணத்தைத் தூக்கி அவன் முன்னால் பிடித்தாள், அப்போதும் முகம் வாசல் பக்கம் போனது. காப்பி குடிக்கும்போது எதிரே உட்கார்ந்தாள், அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். முகத்தைக் கூடப் பார்க்கக் கூடாது என்று சபதம் எடுத்தவனை எந்த மலைக்குக் கூட்டிப்போய் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நிமிஷத்தைக் காப்பியோடு விழுங்கினாள்.

ஆல்ப்பாக்கில் எல்லா வீட்டு மாடத்திலும் பூத்தொட்டி. தேவாலய மதிலருகே அவன் அரை மணி நேரம் நின்றான். பழைய பேருந்து நிறுத்தத்தின் கம்பியைத் தடவிப் பார்த்தான். திரும்ப ஏறியதும் அவள் வண்டியைக் கீழே திருப்பாமல் மேலே விட்டாள். முப்பத்தொரு வருஷம் அந்த வழியில் ஓட்டியவனுக்கு இருக்கையின் சாய்வே சொல்லிவிட்டது.

"மேடம், வழி மாறிட்டீங்க."

"மாறல."

"பாலம் வருது" என்றான்.

அந்தப் பாலத்தை ஒட்டிய வளைவில்தான் ஆயிரம் மீட்டர் தொடங்குகிறது. பேருந்து ஓட்டிய காலத்தில் அங்கே வரும்போது அவன் ஒலிபெருக்கியில், இனிமேல் எல்லாரும் வா போதான், பக்கத்து சீட்டுக்காரரைக் கட்டிப் பிடிச்சுக்கோங்க என்று அறிவிப்பான். சுற்றுலா வந்தவர்கள் கைதட்டுவார்கள். இன்று அதே இடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தான்.

விடுதியில் பரிமாற வந்த மோனி என்ற பெண், "உனக்கு என்ன வேணும்?" என்று அவனிடம்தான் முதலில் கேட்டாள். பூர்கி கையைப் பிசைந்தபடி காத்திருந்தாள். அவன் சற்று யோசித்துவிட்டு, சட்டென்று தாராளமாகிவிட்டான். பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப் கொண்டு வா என்றான். பக்கத்து மேசையில் இருந்த ஜெர்மன்காரரிடம் நீ எந்த ஊர் என்று கேட்டான். காலடியில் கிடந்த நாயிடமும் நலம் விசாரித்தான். பிறகு பூர்கி பக்கம் கையை நீட்டினான்.

"உப்பை இப்படித் தள்ளு. இதுக்குத்தானே என்னை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தே? எடுத்துக்கோ."

ஒன்பது வருஷமாகக் கேட்காத சொல் காதில் விழுந்தது. பூர்கிக்கு உள்ளே எதுவுமே அசையவில்லை. நாய்க்குக் கிடைத்த அதே "நீ"தான் அவளுக்கும் கிடைத்திருந்தது. உப்பைத் தள்ளினாள். சூப் ருசியாக இருந்ததா இல்லையா என்று பிற்பாடு அவளுக்கு ஞாபகம் வரவில்லை. மூன்று வாரம் போட்ட திட்டத்துக்கு இதுதான் பலன் என்று தன்மேலேயே கடுங்கோபம் வந்தது.

இறங்கும்போது பாலத்துக்குச் சற்று முன்னால், சாலையோரம் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தாள்.

"என்ன ஆச்சு?" என்றான்.

"ஒண்ணும் ஆகல. இங்கேருந்து பத்தடி போனா நான் மேடம். அதனால போகல."

பின்னால் வைக்கோல் ஏற்றி வந்த வண்டிக்காரன் ஒலி எழுப்பினான். தாண்டிப் போ என்று பூர்கி கையைக் காட்டினாள். அவள் பார்வை பாலத்தின் மரக் கைப்பிடியில் இருந்தது.

"நான் மன்னிப்புக் கேக்க வரல, வின்சி. அந்தக் கடுதாசியை இன்னிக்கும் எழுதுவேன். நாற்பது பிள்ளைங்க உள்ள இருந்துச்சு."

"தெரியும்" என்றான். "கடுதாசி எழுதினது சரிதான். அது அடுத்த நாளே எனக்குத் தெரியும்."

பூர்கி திரும்பிப் பார்த்தாள்.

"உரிமத்தை வாங்கிட்டுப் போன அன்னிக்கு நான் அடுப்படியில தனியா உக்காந்திருந்தேன். ராத்திரி வரைக்கும் கதவைப் பாத்துட்டு இருந்தேன். யாரும் வரல. எங்கேயோ இருக்கிற அலுவலகத்துக்கு எழுதத் தெரிஞ்சவளுக்கு நாலு தெரு தாண்டி என் வீட்டுக்கு வரத் தெரியல."

அவள் உண்மையைச் சொன்னாள். அன்று சாயங்காலம் மேலங்கியைப் போட்டுக்கொண்டு இரண்டு தெரு வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து திரும்பிவிட்டாள். கடிதம் எழுதியதற்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை, நடக்காமல் விட்ட மிச்ச இரண்டு தெருவுக்காக வருந்தாத நாளில்லை.

"அது தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன்" என்றாள். "ஆனா நீ இன்னிக்கு முழுக்க என் மூஞ்சியைப் பாக்கக்கூட இல்லையே. நான் பேசறப்ப எல்லாம் திரும்பிக்கிட்டே."

வின்சென்ஸ் சிரித்துவிட்டான்.

"நேரா பாத்தா நடுவுல ஒரு கறைதான் இருக்கு. தலையே இல்லாத ஆளுங்கதான் எனக்கு முன்னாடி நடமாடுறாங்க. பக்கவாட்டுல மட்டும்தான் கொஞ்சம் மிச்சம். முகத்தைத் திருப்பினாத்தான் ஓரக்கண்ணுல உன் மூஞ்சி தெரியும். காலையிலேருந்து அதைத்தான் பாத்துட்டிருக்கேன். மூக்கு அப்பாவுது மாதிரியே ஆயிடுச்சு."

பூர்கி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அழ முயன்றாள், முடியவில்லை. அவன் ஆறுதல் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. அவள் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தான்.

அவன் அப்போதும் அவளை "நீ" என்றுதான் பேசினான் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. ஆனால் அவர்கள் இன்னும் பாலத்துக்கு இந்தப் பக்கம்தானே இருந்தார்கள். இங்கே பேசியது எதுவும் கணக்கில் சேராது. இரவு முழுக்க இங்கேயே நின்றாலும் பிடுங்கிக்கொள்ளக் கூடியது மலைமேல் எல்லோருக்கும் கிடைக்கிற வார்த்தைதான். அது அவளுக்கு வேண்டாம். கீழே அவன் "நீங்க" என்றால், நாளைக்கு நாலு தெரு நடந்து அவன் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவது, அப்புறம் அதற்கு மறுநாளும் தட்டுவது என்று தீர்மானித்துக்கொண்டு இஞ்சினைக் கிளப்பினாள்.

பாலத்தைத் தாண்டினார்கள். அவன் பேசவில்லை. ஆல்ப்பாக் தாண்டியது, அடிவாரத்து ஊரான பிரிக்ஸ்லெக் வந்தது, நெடுஞ்சாலையில் லாரிகள் இரைந்தன. அவள் எதுவும் கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டி வந்தால் அவன் "நீ", "நீங்க" இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அவனாக வாயைத் திறக்கட்டும் என்று இருந்தாள்.

ஹாலில் அவன் தெருவுக்குள் திரும்பியபோது ஐந்து மணி. குழாய் பதிக்க ஆட்கள் பகலில் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வின்சென்ஸின் வாசலுக்கு முன்னால் இடுப்பளவு பள்ளம், குறுக்கே ஒற்றைப் பலகை. எதிர் வீட்டு ஷ்டெஃபி ஜன்னலில் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் அவள் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி.

இறங்கியவன் மண்வாசத்தில் நின்றுவிட்டான். காலால் துழாவினான், விளிம்பில் மண் சரிந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். பூர்கி பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். கையை அவளாக நீட்டவில்லை. நீட்டினால் தட்டிவிடுவான் என்பதற்காக மட்டுமில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு பள்ளத்தாக்கையே ஏற்றி இறக்கியவனிடம் கேட்காமல் கையைப் பிடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஐநூற்று எழுபத்துநான்கு மீட்டரில், ஷ்டெஃபியின் கண்ணுக்கு முன்னால், இருவரும் பள்ளத்தின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"நீ அங்கதானே நிக்கிற?" என்றான்.

"இங்கதான்."

"கையைக் குடு, பூர்கி."

கொடுத்தாள். பலகை ஆடியது. அவன் ஒவ்வொரு அடியாக வைத்து வந்து சேர்ந்தான். சேர்ந்த பிறகும் கையை விடவில்லை. ஜன்னல் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "ஷ்டெஃபி, நல்லாத் தெரியுதா, இல்ல விளக்குப் போடணுமா?" என்று கேட்டான். பிறகு பூர்கியை இழுத்துக்கொண்டு படியேறினான்.

"மூணு படி. மூணாவது கொஞ்சம் உயரம்" என்றான். "நீ ஒன்பது வருஷமா வரல, பாத்து வா."