பச்சைச் சுவர்

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். ஆஸ்பத்திரி மாதிரி வெளுத்துக் கிடந்த வரவேற்பறையைச் சகிக்க முடியாமல், லியோனி யாரையும் கேட்காமலே கூரை வரைக்கும் கடும்பச்சை பூசிவிட்டாள்.

இன்று வீட்டைப் பார்வையிடும் நாள். வீட்டு ஏஜென்ட் டார்சி வந்தான். சுவர்களைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றான். லியோனி முந்திக்கொண்டாள்.

"பழையபடி வெள்ளை அடிச்சுக் குடுத்துடுறேன் டார்சி."

போன் சிணுங்கியது. செய்தியைப் படித்தவன் முகம் மலர்ந்தது.

"ஐயையோ, கை வச்சிடாதீங்க! ஓனர் சொக்கிப் போயிட்டார்."

அவளுக்கு உயிர் வந்தது. "அப்போ இப்படியே விட்டுடலாமா?"

"சுவரை அப்படியே விடுங்க. இந்தக் கலருக்கே வீடு நல்ல விலைக்குப் போகும்னு விக்கப் போறாராம். நீங்கதான் காலி பண்ணணும்."