ஐந்தாம் மாடிக்கு வந்த ராணுவக் குதிரை

பர் துபாயில் பத்மநாபன் குடியிருக்கும் கட்டடத்தின் ஐந்தாவது மாடிக்கு, செத்து நூற்றேழு வருஷமான ஜெர்மன் ராணுவக் குதிரை ஒன்று, மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு லிப்டில் ஏறி வந்து சேர்ந்தது. ஆறு பேர் நிற்கிற லிப்ட் அது. அதற்குள் எப்படித் திரும்பியது என்பது கேமராவைப் போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை. செந்நிறக் குதிரை. இடது காதுக்குக் கீழே விரல் நுழைகிற அளவுக்குத் துளை. அதிலிருந்து ரத்தம் வரவில்லை, லேசான பனிக்காற்று வந்துகொண்டிருந்தது. காவலாளி ஹஸ்னைன் படியேறி ஓடிவந்து, "சாப், பில்டிங்ல பெட்ஸ் மாஃபி, பிராணி எதுவும் கூடாது" என்று மூச்சிரைக்கச் சொல்லிப் பார்த்தார். குதிரை அவரைச் சட்டை பண்ணாமல் ஹாலுக்குள் போய், மேஜைமேல் கிடந்த கறுப்பு நோட்டில் மூக்கை வைத்து நின்றுகொண்டது. பத்மநாபனுக்குக் காது சுட்டது. எதற்காக வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

மக்தூம் என்கிற குதிரைப்பிரியர் தன் பண்ணைவீட்டில் சொந்தமாக ஒரு காட்சிக்கூடம் வைத்திருக்கிறார். பழைய ஜெர்மன் ராணுவ அதிகாரிகள், ராணுவக் கால்நடை வைத்தியர்கள் ஆகியோரின் காகிதங்களை ஏலத்தில் வாங்கிக் குவித்து, அவர்களுடைய வாழ்க்கையை ஆராய்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித்தர பத்மநாபனை வைத்துக்கொண்டார். திருச்சிக்காரரான பத்மநாபன் இளவயதில் ஜெர்மன் படித்தவர். அச்செழுத்தைத் தண்ணீர்பட்ட பாடாக வாசிப்பார். அந்தக் காலத்துக் கையெழுத்து மட்டும் கோழி கிளறியது போலிருக்கும், ஓர் எழுத்துகூட ஓடாது. அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஐம்பத்தெட்டு வயதில், விசா முடிய எட்டு மாதம் இருக்கையில், அப்படிச் சொல்ல எவனுக்கு வாய் வரும்?

வில்லிபால்ட் க்ரூகெ என்ற வைத்தியரின் பணிப்பதிவில் 1917 நவம்பர் முதல் ஏழு மாதங்களுக்கு ஒன்றுமே இல்லை. வளைகுடாவுக்கு வந்து இருபத்தாறு வருஷத்தில் பத்மநாபன் ஊர்க்காரப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த பயோடேட்டாக்களுக்குக் கணக்கில்லை. பயோடேட்டாவில் இடைவெளி விட்டால் வேலை கிடைக்காது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். கை பழக்கத்தில் நிரப்பிவிட்டது: "இம்மாதங்களில் களத்துக் குதிரை மருத்துவமனையில் இரவுபகலாக உழைத்து நானூறு குதிரைகளைக் காப்பாற்றினார்." மக்தூம் மகிழ்ந்துபோய் அதைப் பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்டினார். க்ரூகெயின் எண்பத்தோரு வயதுப் பேத்தி அன்னெலீசெ ஜெர்மனியிலிருந்து நன்றி சொல்லிக் கடிதம் போட்டாள். தாத்தாவைப் பற்றி ஊரில் ஏதோ பேச்சு உண்டாம், அதனால் பரணில் கிடந்த படத்தை இப்போது தைரியமாக ஹாலில் மாட்டிவிட்டாளாம். அந்தக் கடிதம் வந்த மறுநாள்தான் குதிரை வந்தது.

"என்னங்க, இது உங்களைத் தேடித்தான் வந்திருக்கு. என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள் மனைவி ஷியாமளா. அவள் அதற்கு மேல் கேட்காமல் ஒரு கிலோ காரட் வாங்கி வந்தாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றால் மனுஷன் எதையும் கற்றுக்கொள்வான். குதிரை மூக்கை எடுக்காத அந்தக் கறுப்பு நோட்டு, ஏலக் காகிதங்களோடு வந்த, க்ரூகெ கைப்பட எழுதிய நாட்குறிப்பு. பத்மநாபன் நாற்பது நாள் எழுத்துக்கூட்டி அதை வாசித்தார். அவர் தப்பாக வாசித்த இடங்களில் குதிரை காலைத் தட்டியது. கீழ்வீட்டு ரெஷ்மா இரண்டு தடவை புகார் செய்தாள். நோட்டில் இருந்தது இதுதான்: பட்டினிக் குளிர்காலத்தில், மேஜரின் மெஸ்ஸுக்கு இறைச்சி வேண்டுமென்று, நோயில்லாத குதிரைகளுக்கு நோய் என்று க்ரூகெ கையெழுத்துப் போட்டுச் சுடவைத்திருந்தார். அறுபத்து மூன்று குதிரைகள். ஒவ்வொன்றுக்கும் நிறம், அடையாளம், தேதி. அறுபத்து மூன்றாவதற்கு மட்டும் தேதி தவிர ஒன்றும் எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில், "வாயால் சொல்லத் துணிவில்லை. என்றாவது யாராவது இதை வாசிக்கட்டும்" என்றிருந்தது. நூறு வருஷமாகச் சொல்லக் காத்திருந்த ஒரு மனுஷனின் வாயை அல்லவா பொத்திவிட்டோம் என்று பத்மநாபன் கூனிக்குறுகிப்போனார்.

வேலை போனால் போகட்டும் என்று மக்தூமிடம் போய் ஒன்று விடாமல் சொன்னார். பழைய கையெழுத்து அப்போது தெரியாததையும் சொன்னார். மக்தூம் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். முதல் நாளே சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு ஒரு வாத்தியாரை வைத்திருப்பேனே என்றார். பிறகு திருப்புளியை எடுத்துக் கையில் கொடுத்து, "யல்லா, நீயே கழற்று" என்றார். லாயத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, பத்மநாபன் ஸ்டூல்மேல் ஏறிப் பித்தளைத் தகட்டின் நான்கு திருகாணிகளையும் கழற்றினார். மூன்றாவது கைதவறி விழுந்து உருண்டது. இறங்கி, குனிந்து தேடி எடுக்க வேண்டியிருந்தது. வேலை போகவில்லை. போயிருந்தால் தேவலை என்று அன்றைக்குத் தோன்றியது.

அன்னெலீசெக்கு எழுதியதுதான் அதைவிடக் கஷ்டம். தான் புளுகியதையும், நோட்டில் இருந்ததையும், ஹாலில் நிற்கும் குதிரையையும் எழுதி அனுப்பினார். பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "படம் சுவரிலேயே இருக்கிறது. நீங்கள் இப்போது அனுப்பியதை அதன் கீழே ஒட்டிவிட்டேன். ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் நிற்கும் குதிரைக்குப் பின்னங்கால் இரண்டும் வெள்ளையா? அப்படியென்றால் அது ஹெர்தா, அவருடைய சொந்தக் குதிரை. போரில் காணாமல்போய்விட்டது என்றுதான் சாகும்வரை சொன்னார்."

பத்மநாபன் ஹாலுக்குப் போய் மண்டியிட்டுப் பார்த்தார். வெள்ளைதான். "ஹெர்தா" என்று மெதுவாகக் கூப்பிட்டதும், அத்தனை நாளும் நோட்டைவிட்டு அசையாத தலை திரும்பியது. அவர் தேம்பி அழுதார். க்ரூகெக்காகவா தனக்காகவா என்று ஷியாமளா கேட்டதற்கு, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்றார்.

குதிரை போகவில்லை. கட்டட நிர்வாகம் லிப்டில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறது. மாலையில் அது கீழே இறங்கும் நேரத்தில், ஐந்தாம் மாடிக்காரர்கள் அடுத்த லிப்டுக்குக் காத்திருக்கிறார்கள்.