ராஜாவின் சோத்துக்கை

கங்காணி மரியஜோசப்பின் பெண்டாட்டி இருதயம்மாளுக்குத் தேயிலைக் காட்டில் ஒரு வேலையும் கிடையாது. புருசனுக்குக் காப்பி கொண்டுவருகிற சாக்கில் குடையை விரித்துக்கொண்டு வந்து நிற்பாள், கொழுந்து கிள்ளுகிற பெண்களை மேலும் கீழும் பார்ப்பாள், மூக்கைச் சுளிப்பாள். அன்றைக்கு வந்தது அந்தப் பெண்களில் ஒருத்தியான ராமுத்தாயின் வாயை அடைக்க.

சங்கதி இதுதான். மலையிறங்கிக் கம்பம் ஊர்க் கொட்டகையில் படம் பார்த்துவிட்டு வருகிறவள் காட்டில் மற்றவர்களுக்குக் கதை சொல்லவேண்டும். கதை சொல்கிறவளுக்குக் கை ஓடாது. அதனால் கேட்கிற ஒவ்வொருத்தியும் அவள் கூடையில் ஒரு பிடி கொழுந்து போடுவாள். கதை பிடிக்காவிட்டால் போடமாட்டாள். முள் ஏறி விரல் வீங்கிக் கிடந்த ராமுத்தாய்க்கு அந்தப் பிடிகள்தான் கதி. இன்றைக்கும் எடை குறைந்தால் மூட்டையைக் கட்டு என்று கங்காணி சொல்லியிருந்தான்.

போகட்டும் கழுதை என்பது இருதயம்மாளின் எண்ணம். கஞ்சிக்குச் செத்தவளுக்குப் படத்தைப் பற்றி என்ன வாய்? தானும் அதே படத்தைப் பார்த்தவள், அதுவும் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து. ரெண்டு நாளாக லயத்தில் வீடு வீடாக அந்த நாற்காலிப் பெருமையைத்தான் சொல்லித் திரிந்தாள்.

ராமுத்தாய் கதையின் முக்கியமான கட்டத்துக்கு வந்திருந்தாள். காட்டுக்குத் துரத்தப்பட்ட ராணி, பிச்சைக்காரியாக அதே அரண்மனை வாசலில் வந்து நிற்கிறாள். ராஜாவுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் தன் சோத்துக்கையால் ஒரு பிடி சோறு அள்ளி அவள் முந்தானையில் போடுகிறான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

இருதயம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையாம் அழுகை! படமா அது? ராணி வேசம் கட்டினவனுக்கு மீசை மழித்த தடம் தெரிந்தது, ராஜா சோளக்கொல்லைப் பொம்மை. இதையெல்லாம் உரக்கவே சொன்னாள். பெண்கள் அசையவில்லை என்றதும் கடைசி அடியைப் போட்டாள்.

"இவ பொய் சொல்றா. ராஜா சோறு போட்டது பீச்சாங்கையால. கத்தி வீசுனதும் பீச்சாங்கை, தின்னதும் பீச்சாங்கை. நாற்காலியில உக்காந்து என் ரெண்டு கண்ணால பாத்தேன். பீச்சாங்கையால பிச்சை போட்டவனுக்கா அழுறீக?"

கிள்ளுகிற கைகள் எல்லாம் நின்றன. ஜெயித்துவிட்டோம் என்று இருதயம்மாள் குடையைத் தோள் மாற்றிக்கொண்டாள். ராமுத்தாய் தலை குனிந்துகொண்டாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வரிசையில் மூத்தவளான குருவம்மாள்தான் பேசினாள். "துணித்திரைக்குப் பின்னால மண்ணுல உக்காந்தாத்தான் கை மாறித் தெரியும், கங்காணியம்மா. நாங்க எல்லாரும் அங்கதான் உக்காருவோம். பழகிப்போச்சு, கதையில கையை மாத்திச் சொல்லிருவோம். உங்களைத்தான் அங்க காணல. முக்காடு போட்டிருந்தீகளோ?"

முக்காடு போட்டுத்தான் இருந்தாள். நாற்காலி மரியஜோசப்புக்கு மட்டும். பொம்பளைக்கு மண்ணு போதும் என்று அவளைப் பின்பக்கம் தள்ளிவிட்டிருந்தான் அந்த மகராசன். முதல் படம், அவளுக்கு என்ன தெரியும்? கை மாறும் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா பாவி என்று வயிறெரிந்தாள்.

பெண்கள் ஒருத்திபின் ஒருத்தியாக வந்து ராமுத்தாயின் கூடையில் கொழுந்து போட்டார்கள். கூடை நிறைந்தது. குருவம்மாள் தன் பங்கைப் போட்டுவிட்டு, இன்னொரு பிடி அள்ளி இருதயம்மாளிடம் வந்தாள்.

"நீங்களும் கதை சொன்னீகள்ல, வாங்கிக்கங்க" என்று பீச்சாங்கையால் நீட்டினாள்.